பெயரை மட்டும் நம்பலாமா?

கர்நாடக எல்லையை ஒட்டிய ஓசூரின் தொழிற்சாலைகளில் சி.என்.சி. இயந்திரங்கள் உலோகத்தைக் கடைவதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவற்றை இயக்கும் நிரல் வெறும் எழுத்துகளே. 'ஜி01' என்றால், டூலை நேர்கோட்டில் நகர்த்தி வெட்டு என்று பொருள்.

இத்தகைய கோப்பைக் கணிப்பொறியின் எடிட்டரில் திறந்தால், சில வேளை வண்ணங்கள் தாறுமாறாக இருக்கும். அல்லது வண்ணமே இராது. உடனே, கோப்பு கெட்டுவிட்டது என்று முடிவு கட்டி, நிரலைப் புதிதாகத் தட்டச்சு செய்ய முனைவோர் உண்டு. அது ஆபத்து. ஒரு தசமப் புள்ளி இடம் மாறினாலும் டூல் உடையலாம்!

உண்மைக் காரணம் என்ன? எடிட்டர் பெரும்பாலும் பெயரின் பின்னொட்டைக் கொண்டே மொழியை ஊகிக்கிறது. ஹைடன்ஹைன் கட்டுப்பாட்டுக் கருவியின் நிரல் '.எச்' என முடியும். சி மொழியின் தலைப்புக் கோப்பும் '.எச்' தான். குழப்பம் வராதா?

பின்னொட்டை மாற்றுவதும் தீர்வன்று. உள்ளே ஓர் எழுத்தும் மாறாது. இயந்திரம் கோப்பை ஏற்க மறுக்கவும் கூடும். உரிய மொழித் துணைநிரலை நிறுவி, 'இப்பின்னொட்டு இம்மொழிக்குரியது' என்று எடிட்டரின் அமைப்பில் சொல்லிக்கொடுப்பதே முறை. விண்டோஸ் பின்னொட்டை மறைத்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். '.என்சி' எனத் தெரிவது உண்மையில் '.என்சி.டிஎக்ஸ்டி' ஆக இருக்கலாம்.

1973-இல் யூனிக்ஸில் வந்த 'ஃபைல்' கட்டளை, உள்ளடக்கத்தைப் பார்த்தே வகை கூறியது. அதுவே அறிவியல் வழி என்பேன். பெயர் ஒரு குறிப்பு. சான்று உள்ளேதான் இருக்கிறது.