சோலார் ரெடி... தண்ணி எங்கே?



"பாலைவனத்துல சோலார் பேனல் போட்டா போதும், சோறு விளையும்"னு சொல்றவங்களை நீங்களும் பார்த்திருப்பீங்க. அது பாதி உண்மை. மீதிப் பாதியைப் பேசுவோம்.

முதல்ல கணக்கு 👇

ராஜஸ்தான் தார் பாலைவனத்தில் 100 மீட்டர் ஆழ போர்வெல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 1,000 லிட்டரை மேலே ஏற்ற, பம்பின் இழப்பையும் சேர்த்து சுமார் அரை யூனிட் மின்சாரம் ஆகும். 5 கிலோவாட் பேனல் அந்த வெயிலில் ஒரு நாளைக்கு 20 யூனிட் தந்துவிடும். அப்படின்னா தினமும் 40,000 லிட்டர். ஒரு ஏக்கர் முழுக்க 1 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர்! டீசல் செலவு இல்லை. நடுராத்திரி கரண்ட்டுக்காக முழிச்சிருக்கவும் வேண்டாம்.

ஆக, மின்சாரம் பிரச்சினையே இல்லை. பிரச்சினை தண்ணீர்தான்.

ஆண்டுதோறும் எடுக்கத்தக்க நிலத்தடி நீர் 100 பங்கு என்றால், ராஜஸ்தானில் எடுப்பது ஏறக்குறைய 150 பங்கு. இது மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2023 கணக்கு. டீசல் பம்புக்கு ஒரு பிரேக் இருந்தது, அது செலவு. சோலார் பம்புக்கு அந்த பிரேக்கும் இல்லை. வெயில் இருக்கும்வரை ஓடிக்கிட்டே இருக்கும்.

"ஆஸ்திரேலியாவில் பாலைவனத்துல தக்காளி விளையுதே?" என்பார்கள். போர்ட் அகஸ்டா பண்ணையில் கடல்நீரைச் சூரிய சக்தியால் நன்னீராக்கினார்கள். ஜெய்சால்மருக்குக் கடலை எங்கிருந்து கொண்டுவருவது?

அப்போ சோலாரே வேண்டாமா? கண்டிப்பா வேணும். ஆனா எப்படின்னு பாருங்க.

👉 குஜராத்தின் துண்டி கிராமத்தில் 2016-லேயே விவசாயிகள் கூட்டுறவு அமைத்து, பாசனம் போக மிச்ச மின்சாரத்தை கிரிட்டுக்கு விற்றார்கள். மின்சாரமே விளைபொருள் ஆகிவிட்டால், சும்மா பம்பை ஓட்ட யாருக்கு மனசு வரும்?

👉 ஜோத்பூரில் உள்ள மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிறுவனம், பேனல் வரிசைகளுக்கு நடுவே பாசிப்பயறு விளைவித்துக் காட்டியது. பேனல் மேல் விழும் மழைநீரையும் சேமிக்கிறார்கள்.

👉 கம்பி போகாத ஊர்களுக்குத் தனி பம்பு தேவைதான். அங்கே சொட்டுநீரும் பண்ணைக்குட்டையும் இருந்தால்தான் மானியம் என்று சொல்ல வேண்டும்.

2019-இல் வந்த பி.எம். குசும் திட்டத்தில் தனி பம்பும் இருக்கிறது, கிரிட்டோடு இணைத்த பம்பும் இருக்கிறது. வறண்ட மாவட்டங்களில் இரண்டாவதற்குத்தான் முன்னுரிமை வேண்டும் என்பது நம் வாதம். எத்தனை பம்பு கொடுத்தோம் என்று மட்டும் கணக்குக் காட்டினால் போதாது. அந்த ஊர்க் கிணற்றில் நீர்மட்டம் ஏறியதா, இறங்கியதா? அந்தக் கணக்கையும் மக்கள் முன் வையுங்கள்.

சூரியன் நாளைக்கும் வரும். காலியான போர்வெல்லில் தண்ணி வராது.

இனி யாராவது "சோலார் போட்டாச்சு, கவலை இல்லை"ன்னு சொன்னா, "தண்ணிக் கணக்கு எங்கே?"ன்னு கேளுங்க. படிச்சதோட நிறுத்தாம பகிருங்க, தோழர்களே!

#தண்ணிக்கணக்குஎங்கே