தலாக் முடிந்தது... தவணை முடிந்ததா?

பாக்கி மஹரைக் கொடுத்தாகிவிட்டது. நகையை எடை போட்டு வாங்கியாகிவிட்டது. கட்டில், பீரோ, பாத்திரம் பண்டம் எல்லாம் வேனில் ஏறிவிட்டன. இத்தா காலச் செலவுக்கு ஒரு தொகை பேசி முடித்து, ஜமாஅத் நோட்டில் இரு தரப்பாரும் கையெழுத்துப் போட்டு, துஆ ஓதி எழுந்துவிடுகிறார்கள். நமது மஹல்லாக்களில் ஒரு தலாக் பஞ்சாயத்து 'சுமுகமாக' முடிவது இப்படித்தான்.

மறு மாதம் அந்தப் பெண்ணின் செல்போனுக்கு வங்கியிலிருந்து செய்தி வருகிறது. வீட்டுக் கடன் தவணை கட்டப்படவில்லையாம். எந்த வீட்டிலிருந்து அவள் வெளியேற்றப்பட்டாளோ, அதே வீட்டின் தவணை!

ஜமாஅத் நிர்வாகிகளே! நோட்டில் பாத்திரக் கணக்கை எழுதினீர்களே, கடன் கணக்கை எழுதினீர்களா?

ஒரு காலத்தில் நம் மக்கள் வீடு கட்டினால் வெளிநாட்டுப் பணத்தில் கட்டுவார்கள், அல்லது நிலத்தை விற்றுக் கட்டுவார்கள். இன்று பேகம்பூரானாலும் வத்தலக்குண்டானாலும் நிலக்கோட்டையானாலும் வீட்டுக் கடன் வாசல் வரை வந்துவிட்டது. தோல் ஷாப்பிலும் கடையிலும் வேலை செய்பவரின் வருமானம் மட்டும் காட்டினால் கேட்கும் தொகை கிடைக்காது. எனவே டீச்சராகவோ நர்ஸாகவோ தையல் தொழிலிலோ இருக்கும் மனைவியின் வருமானத்தையும் சேர்த்துக் காட்டுகிறார்கள். போதாததற்கு 2025 ஏப்ரல் 1 முதல், 10 லட்சம் ரூபாய் மதிப்பு வரையுள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு என்று தமிழக அரசும் அறிவித்தது. நல்ல அறிவிப்புதான். சலுகைக்காகவாவது பெண்ணின் பெயர் பத்திரத்தில் ஏறினால் மகிழ்ச்சியே.

ஆனால் எல்லா வீட்டிலும் பத்திரத்தில் ஏறுகிறதா? இல்லை! பத்திரம் கணவன் பெயரில் மட்டும், கடன் மட்டும் இருவர் பெயரில். இப்படிப்பட்ட வீடுகளும் உண்டு. 'இணை விண்ணப்பதாரர்' என்று வங்கிக் காகிதத்தில் அவளிடம் கையெழுத்து வாங்குவார்கள். "சும்மா ஒரு கையெழுத்துமா" என்பார்கள். சொத்தில் பங்கு இல்லாமலே கடனில் முழுப் பங்கு அவளுக்கு வந்துவிடுகிறது. இதில் அவளுடைய நகையை விற்று முன்பணம் கட்டிய கதை வேறு.

வங்கிக்குத் தலாக் தெரியாது!

சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சமுதாயம் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 43ஆம் பிரிவின்படி, இருவர் சேர்ந்து ஒரு கடனுக்குப் பொறுப்பேற்றால் கடன் கொடுத்தவர் அவர்களில் யாரிடம் வேண்டுமானாலும் முழுத் தொகையையும் கேட்கலாம். "பாதி என்னுடையது, மீதி அவருடையது" என்று வங்கியிடம் சொல்ல முடியாது. முழுவதையும் கட்டியவர் பிறகு மற்றவரிடம் அவருடைய பங்கை வசூலிக்கலாம் என்று அதே பிரிவு சொல்கிறது. வசூலிப்பது யார்? அத்தா வீட்டில் இரண்டு பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண்ணா?

தவணை 90 நாட்களுக்கு மேல் நின்றுபோனால் அது வாராக்கடன். 2002ஆம் ஆண்டின் சர்பாசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் வரும். அதன் பின்னும் கட்டாவிட்டால் வழக்குப் போடாமலே வங்கி வீட்டைக் கைப்பற்றலாம். கலெக்டரோ தலைமை ஜுடீஷியல் மாஜிஸ்திரேட்டோ அதற்கு உதவி செய்வார்கள். வீட்டை ஏலம் விட்டும் கடன் தீரவில்லையென்றால் மீதிக்கும் இருவரும் பொறுப்பு. சிபில் கணக்கிலும் இருவர் பெயரும் கெடும். நாளை தன் மகளின் படிப்புக்குக் கடன் கேட்டு அந்தத் தாய் போனால், யாரோ கட்டாமல் விட்ட தவணை அங்கே குறுக்கே நிற்கும்.

ஜமாஅத் கடிதத்தைக் காட்டினால் போதாதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். போதாது! காஜிகள் கொடுக்கும் தலாக் சான்றிதழ் வெறும் கருத்துதான், சட்டப்படி அதற்கு மதிப்பில்லை என்று பதர் சயீத் அவர்கள் தொடுத்த வழக்கில் 2017 ஜனவரியிலேயே சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. குலா சான்றிதழையும் தனியார் ஷரீஅத் கவுன்சில்கள் கொடுக்க முடியாது, பெண் குடும்ப நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்று 2023இல் அதே நீதிமன்றம் சொன்னது. இந்தத் தீர்ப்புகள் சரியா தவறா என்று தனியாக விவாதிப்போம். அவற்றைத் தெரியாதது போல நடித்துக்கொண்டு காகிதம் கொடுத்தனுப்புவது மட்டும் துரோகம்.

'வட்டி விவகாரம், பள்ளியில் பேசாதீர்'

இந்தப் பேச்சை எடுத்தாலே ஒரு பதில் தயாராக வருகிறது. "பாய், அது வட்டி விவகாரம். அல்லாஹ்வின் வீட்டில் உட்கார்ந்து நாங்கள் அதைப் பேச மாட்டோம்." என்ன ஒரு பேணுதல்!

வட்டி ஹராம். அதில் இரண்டாவது கருத்து இல்லை. அது எப்படி உறிஞ்சுகிறது என்பதற்கு ஒரு கணக்கையும் பாருங்கள். 15 லட்சம் ரூபாய், 9 சதவீத வட்டி, 20 வருடம் என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை சுமார் 13,500. ஐந்து வருடம் ஒழுங்காகக் கட்டினால் 8 லட்சத்துக்கு மேல் போயிருக்கும். அசலில் குறைந்தது எவ்வளவு தெரியுமா? ஒரு லட்சத்து எழுபதாயிரம் கூட இல்லை. பாக்கி 13 லட்சத்து 30 ஆயிரம் அப்படியே நிற்கிறது. ஐந்து வருடத்தில் பிரிகிற தம்பதி பங்கு போட வேண்டியது வீட்டை விட இந்தப் பாக்கியைத்தான்.

வட்டி ஹராம் என்பதால் பேச மாட்டோம் என்பவர்களிடம் ஒன்று கேட்கிறோம். வரதட்சணை ஹலாலா? கைக்கூலி நகையைத் தராசில் வைத்து நிறுத்து, கிராம் கணக்கில் பஞ்சாயத்துப் பேசினீர்களே, அது மட்டும் பள்ளிவாசலுக்குள் எப்படி வந்தது? வாங்கிய அசல் ஒரு கடன். அந்தக் கடனை யார் தீர்ப்பது என்று பேசுவது வட்டியை ஆதரிப்பதாகாது. இன்னும் சொன்னால் சீக்கிரம் பேசி அடைத்தால்தான் வட்டி நிற்கும். பேசாமல் விட்டால் அது வளரும். உங்கள் பேணுதல் வட்டிக்குத்தான் உதவி செய்கிறது!

கடன் பாக்கி உள்ளவரின் ஜனாஸா கொண்டுவரப்பட்டபோது நபி (ஸல்) அவர்கள் தொழவைக்க முன்வராமல், அபூ கதாதா (ரலி) அந்தக் கடனைத் தாம் ஏற்பதாகச் சொன்ன பிறகே தொழவைத்தார்கள். குத்பாக்களில் நாம் அடிக்கடி சொல்லும் சம்பவம் இது. குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) எதைப் பற்றியது? கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. எழுத வேண்டிய இடத்தில் உட்கார்ந்துகொண்டு பேனாவை மூடி வைத்துக்கொள்வது எந்த மார்க்கம்?

வீடு யாருடையது?

தலாக் சொல்லப்பட்ட பெண்களை இத்தா காலத்தில் வீட்டை விட்டு வெளியேற்றக் கூடாது என்கிறது 65ஆம் அத்தியாயத்தின் முதல் வசனம். அங்கே அந்த வீட்டை 'கணவனின் வீடு' என்று அல்லாஹ் சொல்லவில்லை, 'அவர்களுடைய வீடுகள்' என்று பெண்களோடு சேர்த்துச் சொல்கிறான். வெளிப்படையான மானக்கேடான செயல் ஒன்றைத் தவிர வேறு விதிவிலக்கு அங்கே இல்லை. நம் ஊர் நடைமுறை என்ன? தலாக் என்ற சொல் வாயிலிருந்து விழுந்த அன்று மாலையே ஆட்டோ வந்து நிற்கிறது.

குலாவில் நடக்கும் அநியாயம் இதைவிடப் பெரிது. "குலா வேண்டுமென்றால் வீட்டில் உன் பங்கை எழுதிக் கொடு" என்பார்கள். அவளும் எழுதிக் கொடுத்துவிடுவாள். கடனிலிருந்து அவள் பெயரை யாரும் எடுக்க மாட்டார்கள். ஸாபித் பின் கைஸ் (ரலி) அவர்களின் மனைவி பிரிவு கேட்டபோது நபி (ஸல்) அவர்கள் என்ன கேட்டார்கள்? அவர் மஹராகக் கொடுத்த தோட்டத்தைத் திருப்பிக் கொடுக்கிறாயா என்றுதான் கேட்டார்கள். அவளே உழைத்துத் தவணை கட்டிய சொத்தையும் சேர்த்துக் கொடு என்று கேட்கவில்லை.

1985இல் ஷாபானு தீர்ப்பு வந்தபோது நம் சமுதாயம் தெருவில் இறங்கியது. 1986இல் தனிச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் 3ஆம் பிரிவைப் படித்த முத்தவல்லிகள் எத்தனை பேர்? இத்தா காலத்துக்குள் நியாயமான ஏற்பாடும் ஜீவனாம்சமும் தர வேண்டும், மஹரைத் தர வேண்டும், உறவினரும் கணவன் வீட்டாரும் அவளுக்குக் கொடுத்த சொத்துகளைத் தர வேண்டும் என்கிறது அது. அந்த 'ஏற்பாடு' மூன்று மாதச் சோற்றுக்கு மட்டுமல்ல, அவளுடைய எதிர்காலத்துக்கும் சேர்த்துத்தான் என்று 2001இல் டேனியல் லத்தீஃபி வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. 2024 ஜூலையில் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125ஆம் பிரிவின் வழியும் முஸ்லிம் பெண்ணுக்குத் திறந்தே இருக்கிறது என்று சொல்லிவிட்டது. மத்திய அரசு 2019இல் முத்தலாக்குக்கு மூன்று வருடம் வரை சிறை என்று சட்டம் கொண்டுவந்தது. ஜெயிலில் இருப்பவன் தவணையை எங்கிருந்து கட்டுவான் என்று அந்தச் சட்டம் யோசிக்கவில்லை. அவர்கள் யோசிக்கவில்லை என்பதால் நாமும் யோசிக்காமல் இருக்கலாமா?

நம் பெண்கள் பலருக்குப் பொருந்தக்கூடிய ஒரு தீர்ப்பு 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் வந்தது. வழக்கு ஒரு இந்துக் குடும்பத்துடையது. கணவர் 1983 முதல் 1994 வரை சவூதி அரேபியாவில் வேலை. அனுப்பிய பணத்தில் இங்கே சொத்து வாங்கப்பட்டது. எல்லாம் என் சம்பாத்தியம் என்றார் கணவர். வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவியின் உழைப்பும் அந்தச் சம்பாத்தியத்தில் சேர்ந்திருக்கிறது, அவருக்கும் சம பங்கு உண்டு என்று நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி தீர்ப்பளித்தார். அரபு நாட்டுச் சம்பாத்தியத்தில் எழுந்த நம் வீடுகளுக்கு இதை வைத்துப் பாருங்கள்.

நோட்டில் ஒரு பக்கம் கூடுதலாக...

என்ன செய்யலாம்? பஞ்சாயத்துக்கு வரும்போதே வீட்டுப் பத்திரத்தின் நகலும் வங்கியின் கடன் கணக்கும் கேட்டு வாங்குங்கள். பத்திரம் யார் பெயரில், கடன் யார் பெயரில், பாக்கி எவ்வளவு, இதுவரை யார் எவ்வளவு கட்டினார்கள், முன்பணத்தில் யார் நகை போனது? மஹர் பேசுவதற்கு முன் இதைப் பேசுங்கள்.

வீட்டை விற்றுக் கடனை அடைத்து மீதியைப் பிரித்துக்கொள்வது சுலபமான வழி. வீடு ஒருவருக்குத்தான் என்றால் அவர் தன் ஒருவர் பெயரிலேயே புதிதாகக் கடனை மாற்றிக்கொண்டு மற்றவரை விடுவிக்க வேண்டும். மாறும் வட்டியிலுள்ள தனிநபர் வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைப்பதற்கு அபராதம் வசூலிக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. "நான் பார்த்துக்கிறேன்" என்று ஜமாஅத்தில் கணவன் சொல்வதை வங்கி ஏற்காது. வங்கி எழுத்தில் விடுவித்தால்தான் விடுதலை. வசதியுள்ள கணவனாக இருந்தால், 3ஆம் பிரிவு சொல்லும் அந்த ஏற்பாடாகவே கடனை அடைத்து வீட்டை அவளுக்கும் பிள்ளைகளுக்கும் விட்டுக்கொடுக்கட்டும். தலாக் விடப்பட்ட பெண்களுக்கு நல்ல முறையில் வசதி செய்துகொடுக்க வேண்டும் என்று 2:241 யாரைப் பார்த்துச் சொல்கிறது?

இன்னொன்று. கணவன் மனைவிக்கிடையே எழுதும் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வையில் பெரிய சலுகை உண்டு. முன்னாள் கணவனுக்கும் முன்னாள் மனைவிக்கும் அது கிடையாது. மீட்டுக்கொள்ளக்கூடிய தலாக்கில் இத்தா முடியும் வரை மார்க்கத்தில் திருமணம் நிற்கிறது அல்லவா? வங்கியின் சம்மதக் கடிதத்தோடு அந்த மாதங்களுக்குள் பத்திர வேலையை முடிக்கப் பாருங்கள். அடமானத்தில் இருக்கும் வீட்டை வங்கிக்குத் தெரியாமல் எழுதிக் கொடுக்கவோ வாங்கவோ வேண்டாம்.

எதுவும் கூடி வராமல் நோட்டீஸ் வந்துவிட்டால், அந்தப் பெண்ணை வீட்டில் அழவிட்டுக் காத்திருக்காதீர்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு இலவச வக்கீல் உண்டு, வருமான வரம்பு கேட்கமாட்டார்கள். வங்கி வீட்டைக் கைப்பற்ற நடவடிக்கை எடுத்தால், எடுத்த நாளிலிருந்து 45 நாட்களுக்குள் மதுரை கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் மனுப் போட வேண்டும். திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்கு நிமிடத்துக்கொரு பஸ் இருக்கிறது. அவளோடு போவதற்கு ஜமாஅத்திலிருந்து இரண்டு பேர் வேண்டும். யார் அந்த இரண்டு பேர் என்று இந்த வாரமே பெயர் எழுதி வையுங்கள்.