6-ம் வகுப்பு வந்துட்டா பாட்டும் செஸ்ஸும் எதுக்கு?

‘படிப்பு கெட்டுடும்’ என்று பல வீடுகளில் 6-ம் வகுப்போடு பாட்டும் செஸ்ஸும் நின்றுவிடுகின்றன. ஃபீஸ் கட்ட வசதியில்லாத வீடுகளில் அவை தொடங்குவதே இல்லை.

தமிழக அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8-ம் வகுப்பு மாணவர்களுக்காக 2022 நவம்பரில் தொடங்கப்பட்டது வானவில் மன்றம். கருத்தாளர்கள் பள்ளிக்கே வந்து, எளிய பொருள்களை வைத்து அறிவியல், கணிதச் சோதனைகளைப் பிள்ளைகளையே செய்யவைக்கிறார்கள். இலக்கியம், வினாடி வினா, சிறார் திரைப்படம் என மற்ற மன்றங்களும் உண்டு.

பள்ளி நேரத்திலேயே நடப்பதுதான் இதில் பெரிய விஷயம். மாலையில் என்றால், ஊருக்குப் போகும் ஒரே பஸ்ஸைப் பிடிக்க ஓடும் பையனுக்கும், தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டுக்கு விரையும் சிறுமிக்கும் அது எட்டாது.

பிள்ளையிடம் மார்க்கைக் கேட்கும் முன் இதைக் கேளுங்கள்: ‘மன்றத்துல இந்த வாரம் என்ன செஞ்சே?’