ரெண்டாவது சிம்: மாசாமாசம் காசும் கட்டாதீங்க, சும்மாவும் விட்டுடாதீங்க

மியூச்சுவல் ஃபண்ட், வரி, ஹோம் லோன்னு பேசுற ஆடிட்டர் இன்னைக்கு சிம் கார்டு பத்தி எழுதுறாரேன்னு நினைக்கலாம். காரணம் இருக்கு.

2024-ல என் ஆபீஸுக்கு ஒரு பையன் வந்தார். 27 வயசு, சென்னையில ஐடி வேலை, சொந்த ஊர் கோயம்புத்தூர் பக்கம். அப்பாவுக்கு அவசர ஆபரேஷன். ஆஸ்பத்திரியில அட்வான்ஸ் கட்டச் சொல்லிட்டாங்க. பிஎஃப்ல பணம் இருக்கு, சிகிச்சைக்காக எடுக்க விதியும் இருக்கு. ஆனா கிளைம் போடும்போது ஆதார் ஓடிபி வரல. ஏன்னா ஆதார்ல இருந்தது அவர் காலேஜ்ல வாங்கின பழைய நம்பர். "யூஸே பண்றதில்ல, எதுக்கு மாசாமாசம் 150, 200 ரூபாய்"னு ஒரு வருஷத்துக்கு முன்னாடியே ரீசார்ஜை நிறுத்திட்டார்.

அந்த நம்பருக்குக் கூப்பிட்டுப் பார்த்தோம். வேற யாரோ எடுத்தாங்க. நம்பர் கைமாறிப் போச்சு. நாங்க அழுத்தின ஒவ்வொரு ஓடிபியும் முகம் தெரியாத ஒருத்தர் போனுக்குப் போயிட்டிருந்திருக்கு.

அப்புறம் லீவ் போட்டு, ஆதார் மையத்துல டோக்கன் வாங்கி, 50 ரூபாய் கட்டி நம்பரை மாத்தி, அது அப்டேட் ஆக சில நாள் காத்திருந்து... அதுக்குள்ள ஆஸ்பத்திரிக்கு நண்பர்கள்கிட்ட கடன் வாங்கிக் கட்டிட்டார். சொந்தப் பணம் கணக்குல இருக்கு, கடன் வாங்கி சிகிச்சை. தப்பு அவர் ரீசார்ஜை நிறுத்தினது இல்ல. அந்த நம்பர் எங்கெல்லாம் ஒட்டிக்கிட்டு இருக்குன்னு பார்க்காம நிறுத்தினதுதான்.

இதுக்கு நேர் எதிரா இன்னொரு கூட்டம் இருக்கு. எதுக்கும் பயன்படாத சிம்முக்கு 28 நாளைக்கு ஒரு தடவை கடமையா 199 ரூபாய் கட்டிட்டே இருப்பாங்க. ரெண்டு பேருக்கும் சேர்த்துதான் இந்தப் பதிவு.

முதல்ல கணக்கு

ஒரு காலத்துல லைஃப்டைம் சிம் இருந்தது ஞாபகம் இருக்கா? ஒரு தடவை காசு கட்டினா இன்கமிங் வந்துட்டே இருக்கும். 2018 கடைசியில கம்பெனிகள் "சிம் உயிரோட இருக்கணும்னா 28 நாளைக்கு 35 ரூபாய்"னு ஆரம்பிச்சாங்க. 2024 ஜூலை விலையேற்றத்துக்கு அப்புறம் ஏர்டெல்லோட 28 நாள் சாதாரண பிளான் 199 ரூபாய்.

28 நாள்ங்கிறது ஒரு மாசம் இல்ல. வருஷத்துக்கு 12 இல்ல, 13 ரீசார்ஜ். 13 × 199 = 2,587 ரூபாய். அதுல வர்ற 2 ஜிபி டேட்டாவை நீங்க தொடக்கூட மாட்டீங்க, ஏன்னா டேட்டா முதல் சிம்ல ஓடுது.

இதுக்கு மாற்று 2025 தொடக்கத்துல வந்துச்சு. டேட்டா வேண்டாதவங்களுக்கு வாய்ஸ், எஸ்எம்எஸ் மட்டும் உள்ள பிளான் கொடுத்தே ஆகணும்னு 2024 டிசம்பர்ல டிராய் விதியைத் திருத்தினாங்க. ஸ்பெஷல் வவுச்சருக்கு 90 நாளா இருந்த உச்சவரம்பையும் 365 நாளா ஆக்கினாங்க. அப்போ வந்த விலைகளைப் பாருங்க:

ஏர்டெல்: 84 நாள் 469 ரூபாய், 365 நாள் 1,849 ரூபாய்.
ஜியோ: 84 நாள் 448 ரூபாய், 336 நாள் 1,748 ரூபாய்.

பார்த்ததும் 1,748தான் மலிவுன்னு தோணும். நாள் கணக்கா வகுத்துப் பாருங்க. 1,748-ஐ 336 நாளால வகுத்தா ஒரு நாளைக்கு 5 ரூபாய் 20 காசு. 1,849-ஐ 365-ஆல வகுத்தா 5 ரூபாய் 7 காசு. விலை குறைவா தெரியுறது, நாள் கணக்குல கொஞ்சம் அதிகம். அந்த 199 பிளான்? நாளைக்கு 7 ரூபாய் 11 காசு.

இந்த விலையெல்லாம் எப்ப வேணும்னாலும் மாறும், ரீசார்ஜுக்கு முன்னாடி ஆப்ல பார்த்துக்கோங்க. ஆனா வகுத்தல் மாறாது: விலை ÷ நாள். வேலிடிட்டியை சத்தமில்லாம குறைக்கிறதும் விலையேற்றம்தான். வகுத்துப் பார்க்கிறவங்க கண்ணுக்கு மட்டும்தான் அது தெரியும்.

மாசப் பிளான்ல இருந்து வருஷப் பிளானுக்கு மாறினா மிச்சம் 738 ரூபாய். இதை எஸ்ஐபில போட்டா கோடீஸ்வரர் ஆயிடலாம்னு நான் கதை விடப் போறதில்ல. பணத்தை விட முக்கியமான லாபம், வருஷத்துக்கு 13 தடவை மறக்கிற வாய்ப்பு ஒரு தடவையா குறையுது.

"20 ரூபாய் இருந்தா போதும்" – பாதி உண்மை

2025 ஜனவரியில வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ் சுத்துச்சு: "டிராய் புது ரூல், 20 ரூபாய் பேலன்ஸ் இருந்தா சிம் கட் ஆகாது." அது புது ரூலே இல்ல, 2013-ல இருந்து இருக்கு. விதி என்னன்னா, 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாத ப்ரீபெய்டு நம்பரை கம்பெனி நிறுத்தலாம். ஆனா மெயின் பேலன்ஸ் 20 ரூபாயோ அதுக்கு மேலயோ இருந்தா, அந்த 20 ரூபாயைக் கழிச்சுக்கிட்டு 30 நாள் நீட்டிக்கணும். பேலன்ஸ் தீர்ந்து நிறுத்தினாலும் திரும்ப உயிர்ப்பிக்க 15 நாள் அவகாசம் தரணும்.

இதுல ரெண்டு விஷயத்தைக் கவனிங்க.

ஒண்ணு, நம்பர் உங்க பேர்ல இருக்கிறது வேற, சேவை இருக்கிறது வேற. பிளான் முடிஞ்ச கொஞ்ச நாள்லயே இன்கமிங்கும் நின்னுடும். நம்பர் உங்களோடதா இருக்கும், ஓடிபி வராது. நமக்கு வேணும்கிறதே ஓடிபிதானே?

ரெண்டு, 20 ரூபாய்க்கு டாப்-அப் பண்ணா 20 ரூபாய் ஏறாது. ஜிஎஸ்டி, ப்ராசஸிங் ஃபீஸ் போக 14.95தான் ஏறும். "20 போட்டேனே"ன்னு நிம்மதியா இருந்தா, விதிக்குத் தேவையான 20 அங்க இருக்காது.

நிறுத்தின நம்பரை குறைஞ்சது 90 நாளைக்கு வேற யாருக்கும் கொடுக்கக் கூடாது. அதுக்கப்புறம் கொடுக்கலாம். அந்தக் கோயம்புத்தூர் பையனுக்கு நடந்தது அதுதான். விட்ட நம்பர்களோட பட்டியலை வங்கிகளும் யுபிஐ ஆப்களும் வாரத்துக்கு ஒரு தடவையாவது பார்த்து சரி பண்ணணும்னு 2025-ல என்பிசிஐ சொல்லியிருக்கு. அதாவது, நம்பர் போச்சுன்னா அதுல இருக்கிற யுபிஐயும் போகும்.

கம்பெனியை அப்புறம் பாருங்க, வேலையை முதல்ல பாருங்க

"எந்த சிம் சார் பெஸ்ட்"னு கேட்டா நான் திருப்பிக் கேட்பேன்: அந்த சிம்முக்கு உங்க வீட்ல என்ன வேலை?

வங்கி, ஆதார் ஓடிபிக்குன்னா, மலிவு ரெண்டாம்பட்சம். வருஷப் பிளான் போட்டுட்டு முடியுறதுக்கு பத்து நாள் முன்னாடி காலண்டர்ல ரிமைண்டர் வைங்க. இல்லைன்னா கீழ சொல்ற மாதிரி எல்லாத்தையும் முதல் நம்பருக்கு மாத்திட்டு இதை முறையா விட்டுடுங்க.

ஊர்ல இருக்கிற அப்பா அம்மாவுக்குன்னா, தயவுசெஞ்சு 28 நாள் பிளான் வேண்டாம். எங்க அப்பா பட்டன் போன் வச்சிருக்கார். ஒரு தடவை ரெண்டு நாளா அவருக்கு லைன் போகல. பதறிப்போய் பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கூப்பிட்டா, அப்பா திண்ணையில உட்கார்ந்து பேப்பர் படிச்சிட்டிருக்கார். ரீசார்ஜ் முடிஞ்சது அவருக்கும் தெரியல, எனக்கும் ஞாபகமில்ல. அன்னைக்கே வருஷப் பிளானுக்கு மாத்தினேன். இன்னொரு விஷயம், ஜியோவுக்கு 2ஜி கிடையாது. பழைய 2ஜி பட்டன் போன்ல அந்த சிம் வேலை செய்யாது. போனைப் பார்த்துட்டு சிம் வாங்குங்க.

பழைய பைக் விக்க, வாடகை வீடு தேட, தெரியாதவங்களுக்குக் கொடுக்க ஒரு நம்பர்னா, அது நியாயமான தேவைதான், குறிப்பா தனியா இருக்கிற பெண்களுக்கு. இதுக்கு மட்டும் குறைஞ்ச நாள் பிளானைத் தேவைப்படும்போது போட்டுக்கலாம். ஒரே கண்டிஷன்: அந்த நம்பரை வங்கியிலயோ ஆதார்லயோ எக்காரணம் கொண்டும் கொடுக்காதீங்க.

ஆபீஸ் வேலைக்குன்னா, செலவை ஆபீஸ்கிட்ட கேளுங்க. கூச்சப்படாதீங்க.

இதுக்கப்புறம்தான் நெட்வொர்க். ஓடிபி எஸ்எம்எஸ்ஸுக்கு 5ஜி வேண்டாம், ஆனா வீட்டுக்குள்ள சிக்னல் வேணும். நண்பரோட சிம்மை வாங்கி உங்க ரூம்ல போட்டுப் பார்க்கிறதை விட நல்ல ரிவ்யூ கிடையாது. முதல் சிம் எந்தக் கம்பெனியோ, ரெண்டாவது வேற கம்பெனியா இருக்கட்டும். ஒண்ணு படுத்தா இன்னொண்ணு இருக்கும். பிஎஸ்என்எல்ல குறைஞ்ச செலவு வேலிடிட்டி பிளான்கள் இருக்கு, 2025 செப்டம்பர்ல அவங்க சொந்த 4ஜியையும் தொடங்கிட்டாங்க. உங்க ஏரியாவுல எடுத்தா தாராளமா யோசிக்கலாம்.

இருக்கிற நம்பரையே வேற கம்பெனிக்கு மாத்தணும்னா 1900-க்கு போர்ட்னு ஆங்கிலத்துல டைப் பண்ணி, இடைவெளி விட்டு நம்பரைப் போட்டு எஸ்எம்எஸ் அனுப்பினா கோடு வரும். எந்தப் பிளான்ல இருந்தாலும் இந்த எஸ்எம்எஸ்ஸை அனுமதிக்கணும்னு 2021-லயே டிராய் உத்தரவு போட்டிருக்கு. "உங்க பிளான்ல எஸ்எம்எஸ் இல்ல சார்"னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

விடறதுன்னா முறையா விடுங்க

என் கருத்தை நேரா சொல்லிடறேன். சம்பளம் வாங்குற இளைஞர்கள்ல நிறைய பேருக்கு ரெண்டாவது சிம் தேவையே இல்ல. காலேஜ் நம்பர் மேல ஒரு பாசம், "யாராவது பழைய ஃப்ரெண்ட் கூப்பிட்டா?"ன்னு ஒரு எண்ணம். அதுக்கு வருஷம் 2,587 ரூபாய் கட்டுறது அதிகம். ஆனா ரீசார்ஜ் பண்ணாம விட்டா தானா போயிடும்னு விடறது அதை விட மோசம்.

பிளான் உயிரோட இருக்கும்போதே ஒரு சனிக்கிழமை உட்காருங்க. இந்த வரிசையில மாத்துங்க:

1. ஆதார். இது மாறினாதான் மத்த பல இடங்கள்ல ஓடிபி புது நம்பருக்கு வரும்.
2. எல்லா வங்கிக் கணக்கும், முதல் வேலையில திறந்து மறந்துபோன சம்பளக் கணக்கு உட்பட.
3. பிஎஃப் யுஏஎன், வருமான வரி போர்ட்டல்.
4. டிமேட், மியூச்சுவல் ஃபண்ட் கேஒய்சி, இன்ஷூரன்ஸ்.
5. ஜிமெயில் ரெக்கவரி நம்பர், வாட்ஸ்அப், கேஸ் புக்கிங், வண்டியோட ஆர்சி.

அப்புறம் ரெண்டு மாசம் அந்த சிம்மைப் போன்லயே வச்சிருங்க. ஏதாவது ஓடிபியோ வங்கி மெசேஜோ வருதான்னு பாருங்க. வந்தா, நீங்க மறந்த இடம் அது. எதுவும் வரலைன்னா கஸ்டமர் கேர்ல சொல்லி முறையா நிறுத்துங்க. கடைசியா சஞ்சார் சாத்தி தளத்துல உங்க பேர்ல எத்தனை நம்பர் இருக்குன்னு பாருங்க. ஒருத்தர் பேர்ல 9 வரைக்கும் இருக்கலாம். ஆனா நீங்க வாங்காதது ஒண்ணு அங்க இருந்தா, உடனே அங்கேயே புகார் பண்ணுங்க.

"ரெண்டாவது சிம் ஒரு பாதுகாப்பு தானே சார், முதல் போன் தொலைஞ்சா?"ன்னு கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனா நம்மள்ல பெரும்பாலானவங்களுக்கு ரெண்டு சிம்மும் ஒரே போன்லதான் இருக்கு. போன் தொலைஞ்சா ரெண்டும் சேர்ந்துதான் தொலையும். பாதுகாப்புக்காக வைக்கிறதுன்னா அந்த சிம்மை வீட்ல ஒரு பழைய போன்ல போட்டு வைங்க. அப்பதான் அந்தக் காசுக்கு அர்த்தம் இருக்கு.

அந்தப் பையனோட அப்பா இப்ப நல்லா இருக்கார். கடனையும் அடைச்சிட்டார். போன மாசம் ரிட்டர்ன் ஃபைல் பண்ண வந்தப்ப, நான் கேட்கிறதுக்கு முன்னாடியே போனை நீட்டினார். "சார், ஆதார், பேங்க், பிஎஃப், எல்லாம் ஒரே நம்பர். வருஷப் பிளான் போட்டுட்டேன்."

உங்களோடது எப்படி? இன்னைக்கு ராத்திரி அஞ்சு நிமிஷம் ஒதுக்கி, ஆதார்ல எந்த நம்பர் இருக்குன்னு மட்டும் முதல்ல பாருங்க. பார்த்துட்டு கமெண்ட்ல சொல்லுங்க; நம்பரைப் போட்டுடாதீங்க!