நடிக்கிறேன் என்றீர்களே

நடிக்கிறேன் என்றீர்கள். குடை பிடித்து நடந்தால் மகாராணி என்றீர்கள். காலையில் விரல் மடங்கவில்லை, சேலையை உதறி மடிக்க முடியவில்லை என்று சொன்னால், "வேலைக்கு வந்தா மட்டும் உனக்கு வலிக்குமோ" என்று வாடிக்கையாளர்கள் முன்னால் கேட்டீர்கள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன். இனி வாயை மூடிக்கொண்டு இருக்க என்னால் முடியாது. என்ன நடந்தது என்று சொல்கிறேன். கேட்டுவிட்டு, இது நடிப்பா என்று நீங்களே சொல்லுங்கள்.

எனக்கு லூபஸ், என் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே என்னைத் தாக்கும் நோய். சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தில், சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தேன். கடையின் பெயர் வேண்டாம். தேக்காவில் அப்படிப்பட்ட கடைகள் எத்தனையோ. தீபாவளி வருகிறதென்றால் ரோடு முழுக்க விளக்குப் போடுவார்களே, குடும்பம் குடும்பமாக வந்து படம் எடுத்துக்கொள்வார்களே, அந்த நாட்களில் காலையில் நின்றால் ராத்திரி கதவைச் சாத்தும்வரை நிற்போம். உட்கார ஒரு முக்காலி கிடையாது. மூட்டெல்லாம் வீங்கியிருக்கிறது, உள்ளே பில் போடும் இடத்தில் இருக்கிறேனே என்று கெஞ்சினேன். "உனக்குத்தான் நல்லா பேச வருது, வாசல்ல நின்னு ஆள் கூப்பிடு" என்று வெயிலில் நிறுத்தினார் முதலாளி. சாயங்காலம் ஆனால் கன்னம் இரண்டும் எரியும். மூக்கின் மேலே ஏறி இரண்டு பக்கமும் சிவப்பு படரும். புது கிரீம் போட்டாயா என்று கேட்டுச் சிரித்தார்கள்.

அந்த வெயில் எனக்குள் என்ன செய்தது தெரியுமா?

மனித உடம்பில் ஒவ்வொரு நாளும் கோடிக்கணக்கான செல்கள் சாகின்றன. செத்ததை விழுங்கித் துப்புரவு செய்வதற்கென்றே சில செல்கள் இருக்கின்றன. லூபஸ் வந்தவர்களுக்கு அந்த வேலை சரியாக நடப்பதில்லை. குப்பை வண்டி வராத தெருவாகிவிடுகிறது உடம்பு. வெயிலின் புற ஊதாக் கதிர் தோல் செல்களை இன்னும் கொல்கிறது, குப்பை இன்னும் சேர்கிறது. செல்லுக்குள் பத்திரமாக இருக்க வேண்டிய டிஎன்ஏ வெளியே சிதறிக் கிடக்கிறது. நியூட்ரோஃபில் என்று ஒரு வகை வெள்ளணு, கிருமியைப் பிடிக்கத் தன் டிஎன்ஏவையே வலையாக வீசும். 2004-ல்தான் இதைக் கண்டுபிடித்தார்கள். லூபஸில் பிடிப்பதற்குக் கிருமியே இல்லாமல் அந்த வலை வீசப்படுகிறது. இதைப் பார்க்கும் இன்னொரு வகைச் செல், வைரஸ்தான் நுழைந்துவிட்டது என்று எண்ணி இன்டர்ஃபெரான் என்ற புரதத்தைச் சுரக்கிறது. ஃபுளூ வந்தால் கை கால் முறிக்குமே, எழுந்து தண்ணீர் குடிக்கக்கூட மனசு வராதே, அதற்கு இந்த இன்டர்ஃபெரானும் ஒரு காரணம். உங்களுக்கு அது ஒரு வாரத்தில் போய்விடும். எனக்குப் போகவே இல்லை. வருஷக்கணக்கில் அந்த உடம்போடு சேலை மடித்தவளைத்தான் சோம்பேறி என்றீர்கள்.

அதோடு நின்றதா? நோய் எதிர்ப்பு மண்டலத்தின் டி செல்கள் தூண்டிவிட, அதன் பி செல்கள் என் சொந்த டிஎன்ஏவுக்கு எதிராகவே எதிர்ப்பொருள் செய்தன. அவை டிஎன்ஏவோடு ஒட்டிக்கொண்டு என் சிறுநீரகத்தின் வடிகட்டிகளில் படிந்தன. படிந்த இடத்துக்கு இன்னும் வெள்ளணுக்கள் ஓடி வந்தன. வந்தவை அழற்சியைக் கிளப்பின. வடிகட்டி பழுதாகி, ரத்தத்தில் இருக்க வேண்டிய புரதம் சிறுநீரில் நுரை நுரையாகப் போனது. கால் வீங்கியது. "நாள் பூரா நின்னா எல்லாருக்கும்தான் வீங்கும்" என்றார்கள்.

கிளினிக் கிளினிக்காக ஏறி இறங்கினேன். வைரல் என்றார்கள். ஸ்ட்ரெஸ் என்றார்கள். வலி மாத்திரை, ஒரு நாள் எம்சி. திரும்பவும் வலி மாத்திரை, ஒரு நாள் மருத்துவ விடுப்புச் சீட்டு. நொந்துகொண்டிருந்த சிறுநீரகத்துக்கு அந்த வலி மாத்திரையே ஆகாது என்று எவ்வளவு காலம் கழித்துத் தெரிந்தது எனக்கு! ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, யாராவது என் சிறுநீரைச் சோதித்துப் பார்த்திருக்கக் கூடாதா? ஒரு சின்னக் குப்பியும் ஒரு சோதனைப் பட்டையும் போதுமே அதற்கு? கடைசியில் ஒரு பலதுறை மருந்தகத்தில், வயதில் என்னைவிடச் சின்ன டாக்டர் ஒருவர்தான் என் கன்னத்தை உற்றுப் பார்த்தார். காலை அமுக்கிப் பார்த்தார். சிறுநீரும் ரத்தமும் எடுத்தார். பிறகு ஆஸ்பத்திரி, சிறுநீரகத்திலிருந்து துண்டெடுத்துப் பார்த்த பரிசோதனை, கைநிறைய மாத்திரை.

அதற்கு முன்னால் ஒன்று நடந்தது. சொல்ல நாக்கு எழவில்லை, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். என் வயிற்றில் இருந்த குழந்தை போய்விட்டது. அசைய ஆரம்பித்திருந்த குழந்தை.

"கண்டதையும் தூக்கியிருப்பா" என்றார் மாமியார். ராசி இல்லாதவள் என்றார். லூபஸ் என்று தெரிந்த பிறகு செய்த ரத்தப் பரிசோதனையில் இன்னொரு எதிர்ப்பொருளும் என்னிடம் இருந்தது வெளியே வந்தது. ரத்தத்தை உறையவைக்கும் எதிர்ப்பொருள். நஞ்சுக்கொடிக்குப் போகும் ரத்தத்தை அது தடுத்துவிடுமாம். முன்கூட்டியே தெரிந்தால் ஆஸ்பிரினும் ஹெபாரின் ஊசியும் கொடுத்துப் பல குழந்தைகளைக் காப்பாற்றுகிறார்களாம். ஆஸ்பிரின்! கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் மாத்திரை. என் பிள்ளைக்கு அந்த வாய்ப்புக்கூடக் கிடைக்கவில்லையே? அதை யாரிடம் போய்க் கேட்பேன்? மாமியாரிடம் டாக்டர் சொன்னதைச் சொன்னேன். "அப்ப வியாதியை மறைச்சுத்தானே கட்டிக் கொடுத்திருக்காங்க" என்று என் அம்மாவின் முகத்துக்கு நேரே கேட்டார். என் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது அவர் வேறு வீட்டில் இருக்கிறார்.

பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை தின்று முகம் உப்பியபோது "நல்லா சாப்பிடுற போலிருக்கே" என்றார்கள் சொந்தக்காரர்கள். 2020 மார்ச்சில் கொரோனாவுக்கு ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் நல்லது என்று அமெரிக்க அதிபர் சொன்னார். 25-ந் தேதி இந்தியா அதன் ஏற்றுமதியை நிறுத்தியது. லூபஸ்காரர்கள் அன்றாடம் விழுங்கும் மாத்திரை அது. மாத்திரை நின்றுவிட்டால் நோய் சீறிக்கொண்டு கிளம்பும். பயத்தில் தூக்கம் போயிற்று எனக்கு. அப்போதுதான் அந்தச் சொந்தக்காரர்களிடமிருந்து போன் வந்தது. உன்கிட்ட இருக்குமே, வீட்டில் வைத்துக்கொள்ள ஒரு பட்டை கொடு என்று. என் நோயை நம்பாதவர்களுக்கு என் மருந்து மட்டும் எப்படி நம்பிக்கைக்குரியதாகிவிட்டது?

என் செல்களுக்கு அறிவில்லை. எது தன்னுடையது, எது அந்நியம் என்று அவற்றுக்குத் தெரியவில்லை. அவற்றை நான் மன்னித்துவிட்டேன். உங்களுக்குக் கண் இருந்ததே? காது இருந்ததே? வாய்விட்டுச் சொன்னேனே?

முதலாளி சட்டம் தெரிந்தவர். வருஷத்துக்கு 14 நாள் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு, ஆஸ்பத்திரியில் படுத்தால் அந்த 14-ஐயும் சேர்த்து 60 நாள். சிங்கப்பூரின் வேலை நியமனச் சட்டம் தருவது அவ்வளவுதான். எப்போது கிளம்பும், எப்போது அடங்கும் என்று சொல்ல முடியாத நோய்க்கு 14 நாள் எந்த மூலைக்கு? விடுப்பு தீர்ந்தது. வேலை நீக்கக் கடிதம் வந்தது. முறையாக நோட்டீஸ் கொடுத்தால் போதும், காரணம் எழுத வேண்டியதில்லை. அதனால் அந்தக் கடிதத்தில் காரணமே இல்லை. மூட்டுத் தேயத் தேய உழைத்தவளுக்கு ஒரு காரணம்கூட எழுதத் தோன்றவில்லை.

2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் வேலையிட நியாயத்தன்மைச் சட்டம் நிறைவேறியபோது எவ்வளவு ஆசையோடு படித்தேன் தெரியுமா? வயது, பெண் என்பது, கர்ப்பம், இனம், மதம், மொழி, உடற்குறை, மனநலப் பிரச்சினை, இவற்றைக் காட்டி ஒருவரை ஒதுக்கக் கூடாது என்கிறது. நல்ல சட்டம். மனதார வரவேற்கிறேன். ஆனால் நாள்பட்ட நோய் அந்தப் பட்டியலில் இல்லை. லூபஸ் இல்லை. என் சிறுநீரகம் பாதி போனாலும் நான் அதில் இல்லை. அதோடு, 25 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களுக்கு முதல் 5 ஆண்டுகள் விலக்கு. கேம்பல் லேனில் நடந்து பாருங்கள், பஃபலோ ரோட்டில் நடந்து பாருங்கள். 25 பேர் வேலை செய்யும் கடை எத்தனை இருக்கிறது?

நானாவது இந்த நாட்டுக் குடிமகள். பாதி விலையிலாவது மருந்து கிடைக்கிறது. வேலை அனுமதிச் சீட்டில் தமிழ்நாட்டிலிருந்து வந்த தம்பி ஒருவனை மருந்துக்காகக் காத்திருந்தபோது பார்த்தேன். விரல்களெல்லாம் வீங்கி, ஸ்பேனர் பிடிக்க முடியவில்லை என்றான். முதலாளி எடுக்கும் கட்டாயக் காப்புறுதி ஆஸ்பத்திரியில் படுப்பதற்கும் அறுவைச் சிகிச்சைக்கும்தான். ஆயுளுக்கும் விழுங்க வேண்டிய மாத்திரைக்கு அவன் எங்கே போவான்? மானியம் அவனுக்குக் கிடையாது. "சொன்னா ஊருக்கு அனுப்பிடுவாங்க அக்கா" என்று வலியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிறகு அவனை நான் பார்க்கவில்லை.

உலகத்துக்குத் தெரியாத நோயா இது? நம் உடம்பையே தாக்கும் செல்களை அடக்கிவைக்கும் டி செல்களைப் பற்றிய கண்டுபிடிப்புகளுக்காக சக்காகுச்சி, மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் மூவருக்கும் 2025-ல் நோபெல் பரிசு கொடுத்தார்கள். ஜெர்மனியின் எர்லாங்கனில் லூபஸ் நோயாளிகளின் டி செல்லையே எடுத்து மாற்றியமைத்து, பி செல்களை அழிக்க அனுப்பி, நோயை அடக்கிக் காட்டியிருக்கிறார்கள். இங்கேயே புவன விஸ்தாவில், பயோபோலிஸில் நோய் எதிர்ப்பாற்றலை ஆராய்வதற்கென்றே ஒரு ஆய்வுக்கூடம் இருக்கிறது. தேக்காவிலிருந்து ரயிலேறிப் போய்விடலாம். அங்கே ஒவ்வொரு செல்லாகப் பிரித்துப் படிக்கிறார்கள். அந்த அறிவில் ஒரு துளிகூட ஏன் எங்கள் கடைவாசலுக்கு வந்து சேரவில்லை? லூபஸ் வருகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் பெண்கள். பெரும்பாலும் பிள்ளை பெறும் வயதில் இருப்பவர்கள். நம் வீட்டுப் பெண்கள் சொல்லும் வலி என்பதால்தான் யாருக்கும் காது கேட்கவில்லையா?

எனக்குப் போனது போனதுதான். ஆனால் உங்கள் கடையில், உங்கள் வீட்டில் இன்றைக்கும் ஒருத்தி காலையில் விரல் மடங்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருப்பாள். அவளைத் திட்டாதீர்கள். பலதுறை மருந்தகத்துக்கு அழைத்துப் போங்கள். சிறுநீரையும் ரத்தத்தையும் சோதிக்கச் சொல்லுங்கள். நாடாளுமன்றத்தில் இருப்பவர்களே, உங்களையும் கேட்கிறேன். நாள்பட்ட நோயையும் அந்தப் பட்டியலில் எழுதுங்கள். சின்னக் கடையில் வேலை செய்கிறோம் என்பதற்காக எங்களை வெளியே நிறுத்தாதீர்கள்.