கறி வெந்தாச்சு... கரி அணைஞ்சாச்சா?

செமஸ்டர் முடிஞ்சா மதுரைப் பசங்களுக்கு ரெண்டே ரூட்தான். கையில காசு இருந்தா கொடைக்கானல். இல்லேன்னா யாராவது ஒரு ஃப்ரெண்டோட தோப்பு! எங்க மெக்கானிக்கல் கும்பலுக்கு எப்பவுமே ரெண்டாவது ரூட்தான். போன மே மாசம் சோழவந்தான் பக்கம் ஒரு தென்னந்தோப்புல பார்பிக்யூ போட்டோம். பெருசா கற்பனை பண்ணாதீங்க பாஸ்... நாலு செங்கல், மேல ஒரு இரும்புக் கம்பித் தட்டு, மூணு கிலோ சிக்கன், ஒரு பை அடுப்புக்கரி. ஆளுங்க எட்டு பேர். அவ்வளவுதான்!

கரி பத்துவேனாங்குது. "மாப்ள, பைக்ல இருந்து கொஞ்சம் பெட்ரோல் எடுக்கவா?"ன்னு ஒருத்தன் கிளம்பிட்டான். திண்ணையில உட்கார்ந்திருந்த ஃப்ரெண்டோட அப்பத்தா விட்டாங்க பாருங்க ஒரு சவுண்டு... "தோப்பைக் கொளுத்தவாடா வந்தீக?" அப்புறம் அவங்களே சிரட்டையை உடைச்சுப் போட்டு, நடுவுல சூடம் வெச்சு, விசிறியால விசிறி அஞ்சு நிமிஷத்துல பத்த வெச்சாங்க. பெட்ரோல் ஊத்தினா எரியறது பெட்ரோல் மட்டும் இல்லை. அதோட ஆவி சுத்திப் பரவி, தீ அப்படியே ஊத்தின கைக்கே திரும்பி வரும். அணைஞ்ச மாதிரி தெரியற கரியில ஊத்தினாலும் இதே கதைதான்.

ராத்திரி ஒன்பது மணிக்கு வந்துச்சு கோடை மழை. பாதி சிக்கன் இன்னும் வேகலை. உடனே ஒரு ஐடியா... அடுப்பை அப்படியே மோட்டார் ரூமுக்குள்ள தூக்கிட்டுப் போயிட்டா? மறுபடியும் அப்பத்தா! "கங்கோட உள்ள போகாதீகடா, மூச்சு முட்டிப் போகும்!" நாங்க சிரிச்சோம். "புகையே வரலையே அப்பத்தா..."

அந்த 'புகையே வரலையே'லதான் ஆபத்தே இருக்கு ஃப்ரெண்ட்ஸ்.

2024 ஆகஸ்ட்ல, திருச்சிப் பக்கத்துல இருந்து நண்பர்கள் சில பேர் கொடைக்கானலுக்கு டூர் வந்தாங்க. தங்கின இடத்துல பார்பிக்யூ போட்டு சாப்பிட்டாங்க. கரி அடுப்பை ரூமுக்குள்ளயே வெச்சுட்டுத் தூங்கிட்டாங்க. காலையில ரெண்டு பேர் எழுந்திரிக்கவே இல்லை. தீப்பிடிச்சு இல்லை, மூச்சுத் திணறி. நம்மள மாதிரி லீவைக் கொண்டாட வந்த பசங்கதான்.

காரணம், ஃபர்ஸ்ட் இயர் கெமிஸ்ட்ரியிலயே இருக்கு. கரிக்குப் போதுமான ஆக்சிஜன் கிடைக்கலைன்னா கார்பன் மோனாக்சைடு வரும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ரத்தத்துல இருக்கிற ஹீமோகுளோபினை ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல இறுக்கமாப் பிடிச்சுக்கும். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல்... அப்புறம் தூக்கம். 'சாப்பிட்ட மயக்கம்'னு நினைச்சுப் படுத்துட்டா கதை முடிஞ்சது. இதை எக்ஸாம்ல எழுதி மார்க் வாங்கின எட்டு பேரும்தான் அன்னிக்கு அடுப்பைத் தூக்கிட்டு ரூமுக்குள்ள போகப் பார்த்தோம்!

மூடின இடத்துல அடுப்புன்னா மதுரைக்காரங்களுக்கு இன்னொரு ஞாபகமும் வரும். 2023 ஆகஸ்ட் 26, விடியற்காலை. நம்ம ஜங்ஷன் பக்கத்துல நின்னுட்டிருந்த சுற்றுலா ரயில் பெட்டி தீப்பிடிச்சு, உத்தரப் பிரதேசத்துல இருந்து வந்த 9 பேர் இறந்தாங்க. விதியை மீறி சமையலுக்காகப் பெட்டிக்குள்ள கொண்டு வந்த கேஸ் சிலிண்டர்தான் வினை.

அதனால சின்னதா ஒரு செக் லிஸ்ட். அடுப்பு எப்பவும் வெட்டவெளியில. வைக்கோல் படப்பு, காஞ்ச ஓலை, கீத்துக் கொட்டகை எல்லாம் தூரமா இருக்கணும். மழையோ குளிரோ... ரூம், டென்ட், கார் எதுக்குள்ளயும் கங்கு போகக் கூடாது. ஜன்னலைத் திறந்து வெச்சாப் போதும்கிற கதையும் வேண்டாம். பக்கத்துலயே ரெண்டு வாளி தண்ணி வைங்க. கையைச் சுட்டுக்கிட்டா 20 நிமிஷம் குழாய்த் தண்ணியில காட்டுங்க. பேஸ்ட், இங்க் எல்லாம் தடவாதீங்க. யாருக்காவது தலை சுத்தினா முதல்ல வெளிக்காத்துக்குக் கூட்டிட்டு வந்துட்டு, உடனே 108.

முக்கியமா, சாம்பல் மூடின கரியை நம்பாதீங்க. உள்ள மணிக்கணக்கா கனன்னுட்டே இருக்கும். தள்ளி நின்னு தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா ஊத்தி, குச்சியால கிளறி, மறுபடியும் ஊத்துங்க. 'உஸ்ஸ்' சத்தம் நின்னு, சூடே இல்லாம ஆனாத்தான் அது அணைஞ்ச கரி.

அன்னிக்கு மீதி சிக்கன் மழையில நனைஞ்சு, கடைசியில அப்பத்தா வெச்ச குழம்புக்குள்ள போச்சு. செம டேஸ்ட்!

இந்த லீவுக்கு ஒருவழியா கொடைக்கானல் பிளான் ரெடி. அடுப்புப் பத்த வைக்க எட்டு பேரும் போட்டி போடுறானுங்க. அணைக்கிற டியூட்டியை மட்டும் நான் எடுத்துக்கிட்டேன். எட்டு பேர் போனா, காலையில எட்டு டீ சொல்லணும்ல?