பரண்மேல் ஒரு மடிக்கணினி

(இளம் அறிவியல் இயற்பியல், மூன்றாம் ஆண்டு மாணவன்)

அரிவாள்மணை மழுங்கினால் நாம் அதைத் தெருவில் எறிவதில்லை. சாணை பிடிப்பவரின் குரல் கேட்டதும் எடுத்துக்கொண்டு ஓடுகிறோம். குடைக்கம்பி ஒடிந்தால் மாற்றுகிறோம். செருப்பின் வார் அறுந்தால் தைக்கிறோம். இருபது ஆண்டு ஓடிய மிதிவண்டிக்கும் புதிய செயின் போட்டு மிதிக்கிறோம். இத்தனைக்கும் துணிந்த நம் கை, மடிக்கணினி என்று வந்தவுடன் மட்டும் ஏன் பின்வாங்குகிறது? 'ஸ்லோ ஆகிவிட்டது' என்று ஒரு சொல் சொல்லி அதைப் பரணில் ஏற்றிவிடுகிறோம். ஏறியது மறுபடி இறங்குவதே இல்லை.

நம் கல்லூரியில் படிப்போரில் பலர், வீட்டிலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் தலைமுறையினர். நம் இல்லங்களுள் முதன்முதலாக நுழைந்த கணினியும் பெரும்பாலும் அரசு தந்ததுதான். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியாக, அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி மாணவர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் பல இலட்சம் கணினிகள் வழங்கப்பட்டன. அவையெல்லாம் இன்று எங்கே? சில விற்கப்பட்டன. சில பழைய இரும்புக்காரரின் தராசில் ஏறின. மற்றவை பரணில் உறங்குகின்றன. அந்த உறக்கத்தைக் கலைக்க வேண்டும் என்பதே என் கருத்து. கருத்தைச் சொல்வதற்கு முன் என் வீட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

என் அக்கா 2014-இல் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தபோது அந்தக் கணினியைப் பெற்றாள். அன்று நான் மூன்றாம் வகுப்பு. முதுகில் பையை மாட்டிக்கொண்டு அவள் தெருவில் நடந்து வந்ததும், திண்ணையில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்ததும் இன்னும் நினைவில் இருக்கின்றன. அதில்தான் அவள் பட்டம் படித்தாள். வேலைக்கு விண்ணப்பம் அனுப்பினாள். திருமணம் ஆகிப் போனாள். கணினி மட்டும் தலையணை உறைக்குள் புகுந்து பீரோவின் மேல் போய்ப் படுத்தது.

இந்த ஆண்டு எனக்குச் செயல்திட்டம் எழுத ஒரு கணினி தேவைப்பட்டது. பழையதை இறக்கி மின்சாரம் கொடுத்தேன். திரை எரிந்து, எழுத்துகள் தோன்றி, வேலைக்கு ஆயத்தமாக நான்கு நிமிடம் ஆயிற்று. பத்து நிமிடத்தில் அடிப்புறம் தோசைக்கல்லாகச் சுட்டது. பிறகு தானே அணைந்துவிட்டது. கடைத்தெருவில் ஒருவரிடம் காட்டினேன். அவர் மூடியைக்கூடத் திறக்கவில்லை. "இதுக்கு மேல காசைக் கொட்டாதீங்க தம்பி, புதுசா வாங்கிடுங்க" என்றார். புதியது ஏறத்தாழ முப்பதாயிரம் ரூபாய். அன்று இரவு அம்மா பேசவில்லை. மறுநாள் காலையில், "தோட்டை அடகு வச்சுக்கலாம்டா, படிப்புதானே முக்கியம்" என்றாள். அந்தத் தோடு ஏற்கெனவே இருமுறை அடகுக்குப் போய் மீண்டது. மூன்றாம் முறை போவதற்கு முன் ஒருமுறை மூடியையாவது திறந்து பார்ப்போம் என்று தோன்றியது. இந்தக் கட்டுரைக்கு அதுதான் தொடக்கம்.

கணினி 'வயதாகி' மெதுவாவதில்லை. இதை முதலில் தெளிந்துகொள்ள வேண்டும். அதன் செயலி முதல்நாள் கணக்கிட்ட வேகத்திலேயே இன்றும் கணக்கிட வல்லது. பிறகு ஏன் தவழ்கிறது? காரணங்கள் பெரும்பாலும் நான்குதாம்: தூசி, ஹார்டு டிஸ்க், போதாத ராம், கனத்துப்போன மென்பொருள்.

தூசியை முதலில் எடுத்துக்கொள்வோம். செயலியின் வெப்பத்தைச் செம்புக் குழாய் ஒன்று கடத்திச் சென்று மெல்லிய தகடுகளில் சேர்க்கிறது. சிறு விசிறி அந்தத் தகடுகளின் ஊடே காற்றை ஊதி வெப்பத்தை வெளியேற்றுகிறது. என் கணினியைத் திறந்தபோது தகடுகளின் வாயில் பழைய தலையணைப் பஞ்சுபோல் தூசி அடைத்திருந்தது. செயலிக்கும் செம்புக்கும் நடுவே தடவியிருந்த தெர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாக உதிர்ந்தது. வெப்பம் வெளியேற வழியில்லாதபோது செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. அதற்கும் மேலே போனால் கணினி அணைந்துவிடுகிறது. இதை நோய் என்பதா, தற்காப்பு என்பதா? ஒரு வண்ணத் தூரிகையும் நூறு ரூபாய்ப் பசையும் இதற்குப் போதுமானவையாக இருந்தன.

அடுத்தது ஹார்டு டிஸ்க். இயற்பியல் மாணவர்கள் இதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். பழைய மடிக்கணினிகளின் தட்டு பெரும்பாலும் நிமிடத்திற்கு 5,400 முறை சுழலும். அதாவது நொடிக்கு 90 சுற்று. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 11 மில்லி நொடி. வேண்டிய செய்தி படிக்கும் முனைக்கு அடியில் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். முனை இடம் பெயரும் நேரமும் அதனுடன் சேரும். ஆக, ஒவ்வொரு சிறு செய்திக்கும் பத்துப் பதினைந்து மில்லி நொடி. கணினி தொடங்கும்போது இப்படிப் பல்லாயிரம் சிறு செய்திகளைத் தேடுகிறது. எஸ்.எஸ்.டி.யிலோ சுழலும் தட்டு இல்லை, நகரும் முனையும் இல்லை. ஒரு மில்லி நொடிக்கும் மிகக் குறைந்த நேரத்தில் செய்தி வந்துவிடுகிறது. பழைய கணினிக்கு ஒரே ஒரு செலவுதான் செய்ய முடியும் என்றால் அந்தச் செலவை இதற்கே செய்யுங்கள் என்பேன்.

ஆனால் மாற்றுமுன் ஒரு கடமை உண்டு. பழைய தட்டில் இருப்பதை முதலில் படியெடுத்து வையுங்கள். அக்காவின் கல்லூரிப் படங்களும், மறைந்த தாத்தாவின் ஒரே வண்ணப் புகைப்படமும் அதற்குள் இருந்தன. தட்டில் சில பகுதிகள் கெட்டிருந்ததால் படியெடுக்க ஓர் இரவு முழுவதும் ஆயிற்று. பழுது பார்ப்பவர்கள் பொருளை மட்டும் பார்ப்பார்கள். அதனுள் இருக்கும் வாழ்க்கையை உரியவர்தாம் காக்க வேண்டும்.

ராம் பற்றி ஒரு சொல். என் கணினியில் 2 ஜி.பி. இருந்தது, காலியாக இன்னோர் இடமும் இருந்தது. பழைய உதிரிப்பாகம் விற்பவரிடம் 4 ஜி.பி. வாங்கிச் செருகினேன். இதில் எச்சரிக்கை தேவை. டி.டி.ஆர்.3, டி.டி.ஆர்.4 என்று தலைமுறைகள் உண்டு. ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது. டி.டி.ஆர்.3-இலேயே 1.5 வோல்ட்டில் இயங்குவதும், 1.35 வோல்ட்டில் இயங்குவதும் உண்டு. இருக்கும் பலகையின் மேல் ஒட்டியுள்ள சீட்டைப் படித்துவிட்டுக் கடைக்குச் செல்லுங்கள்.

இறுதியில் மென்பொருள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை 2025 அக்டோபர் 14 அன்று அதன் நிறுவனம் நிறுத்தியது. விண்டோஸ் 11 நம் பழைய கணினிகளை ஏற்பதில்லை, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பையும் புதிய தலைமுறைச் செயலியையும் அது கேட்கிறது. நன்றாக இயங்கும் ஒரு பொருள் ஒரு தேதியோடு 'பழையது' ஆகிவிடுகிறது! இந்த இடத்தில்தான் லினக்ஸ் நமக்குத் துணை. நான் லினக்ஸ் மின்ட் நிறுவினேன். அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் உண்டு. இவை விலையில்லாதவை, இன்றளவும் திருத்தங்கள் பெறுபவை. தமிழ்99 விசைப்பலகையிலேயே தட்டச்சு செய்கிறேன். லிப்ரே ஆபீஸில் செயல்திட்டம் முழுவதையும் எழுதி முடித்தேன்.

எல்லாம் நேராக நடந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். விசைப்பலகையை அவசரத்தில் இழுத்து, அதன் நாடாவைப் பிடித்திருந்த சிறு கொக்கியை உடைத்துவிட்டேன். அதன்பின் சில விசைகள் வேலை செய்யவில்லை. அவற்றுள் ஒன்று 'ழ'. இரண்டு நாள் 'தமிழ்' என்று எழுத முடியாமல் தவித்தேன்! ஒட்டுத்தாளை மடித்து நாடாவின் பின்னே வைத்து அழுத்திய பிறகு 'ழ' திரும்பியது. அன்று கற்ற பாடம்: திருகாணி சுழல மறுத்தால் வலுவைக் கூட்டாதே, எங்கோ ஒன்றைக் கவனிக்கவில்லை என்று பொருள்.

செலவுக் கணக்கையும் வைத்துவிடுகிறேன். எஸ்.எஸ்.டி. 1,600 ரூபாய். பழைய ராம் 600. புதிய பேட்டரி 1,500. பசை 100. ஆக மொத்தம் 3,800 ரூபாய். நான்கு நிமிடம் எடுத்த கணினி இப்போது அரை நிமிடத்தில் எழுகிறது. அம்மாவின் தோடு அம்மாவின் காதிலேயே இருக்கிறது.

இதற்கு மறுப்புரைகள் வரும் என்பதை அறிவேன். "வணிகவியல் மாணவனுக்கு டேலி வேண்டுமே, லினக்ஸ் எப்படி உதவும்?" என்று நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி. அந்த ஒரு வேலைக்குக் கல்லூரி ஆய்வகத்தைப் பயன்படுத்தலாம். படிக்க, எழுத, தேட, விண்ணப்பிக்க வீட்டுக் கணினி போதும். "எல்லாவற்றையும் பழுது பார்க்க முடியுமா?" என்றும் கேட்கலாம். முடியாது. மதர்போர்டு எரிந்திருந்தால், திரையும் உடைந்து மற்றவையும் கெட்டிருந்தால் விட்டுவிடுவதே அறிவு. ஐயாயிரம் ரூபாயைத் தாண்டினால் நிறுத்து என்பது நான் எனக்கு வைத்துக்கொண்ட எல்லை. பேட்டரி உப்பியிருந்தால் அதனுடன் விளையாடவே கூடாது. லித்தியம் பேட்டரியைக் குத்தினாலும் வளைத்தாலும் தீப்பிடிக்கும். அதைக் குப்பையில் போடாமல் மின்கழிவு சேகரிப்பவரிடம் சேர்க்க வேண்டும்.

மூன்றாவது மறுப்பை யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை, முகத்தில் காட்டுகிறார்கள். "டிகிரி படிக்கிற பையன் ஸ்க்ரூ டிரைவரோட உட்கார்ந்திருக்கானே" என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் வருந்தினார். கையில் அழுக்குப் படாமல் இருப்பதே கல்வியின் பயன் என்று நம்மில் எத்தனை பேர் நினைக்கிறோம்! கடத்தல், சலனம், கதிர்வீச்சு என்று வெப்பம் பரவும் மூன்று முறைகளையும் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கினேன். அடைபட்ட விசிறியைத் துடைத்த அன்றுதான் அவை எனக்கு விளங்கின. பாடத்தையும் கையையும் பிரித்து வைத்தது யார் குற்றம்?

இது நம் வீட்டுச் செலவோடு முடியும் செய்தியும் அன்று. 2022-இல் உலகில் 6 கோடியே 20 இலட்சம் டன் மின்கழிவு சேர்ந்ததாகவும், அதில் 22.3 விழுக்காடே முறையாகத் திரட்டி மறுசுழற்சி செய்யப்பட்டதாகவும் ஐக்கிய நாடுகள் அமைப்புகளின் 2024 அறிக்கை கூறுகிறது. மற்றவற்றில் ஒரு பகுதி ஏழைகளின் கைகளால் எரிக்கப்பட்டும் அமிலத்தில் கரைக்கப்பட்டும் காற்றிலும் நீரிலும் கலக்கிறது. பிரான்சு நாடு 2021 சனவரி முதல் மடிக்கணினி உள்ளிட்ட சில பொருள்களுக்குப் 'பழுது பார்க்க எவ்வளவு எளிது' என்று பத்துக்கு மதிப்பெண் இட்டு விற்கச் சொன்னது. வாங்கும்போதே சீர்செய்வதைப் பற்றி எண்ணும் பண்பாடு அது.

தமிழக அரசு 2025 மார்ச்சு மாத நிதிநிலை அறிக்கையில், இரண்டு ஆண்டுகளில் கல்லூரி மாணவர்கள் 20 இலட்சம் பேருக்குக் கையடக்கக் கணினி அல்லது மடிக்கணினி வழங்கப்படும் என்று அறிவித்தது. வரவேற்கிறோம். பெறுகிறவர்கள் என்ற உரிமையில் ஒன்று கேட்கிறோம். இத்தகைய கொள்முதல் ஒவ்வொன்றிலும், பேட்டரியைத் திருகாணி கழற்றி மாற்ற முடிய வேண்டும். ராம் கூட்ட இடம் வேண்டும். குறைந்தது ஏழு ஆண்டு உதிரிப்பாகம் கிடைக்க வேண்டும். சீர்செய்யும் முறை தமிழில் அச்சாக வேண்டும். இந்த நான்கும் ஒப்பந்தப் புள்ளியில் நான்கு வரிகள். பரணில் உறங்கப்போகும் இலட்சக்கணக்கான கணினிகளை அந்த நான்கு வரிகள் காப்பாற்றும்.

அரசிடம் கேட்பதற்கு முன் நாமும் ஒன்று செய்யலாம். நம் இயற்பியல் ஆய்வகத்தின் மூலையில் ஒரு மேசை. அதன்மேல் நான்கு திருப்புளி, ஒரு தூரிகை, ஒரு பசைக்குழல், ஒரு மல்டிமீட்டர். வாரத்தில் ஒரு மாலை, விருப்பமுள்ள ஆசிரியர் ஒருவரின் மேற்பார்வை. துறைவேறுபாடின்றி யாரும் தம் பழைய கணினியைக் கொண்டு வரலாம். இதற்குப் பெரிய நிதி தேவையில்லை. நாட்டு நலப்பணித் திட்ட நண்பர்கள் மனம் வைத்தால் அடுத்த பருவத்திலேயே தொடங்கிவிடலாம். பேராசிரியப் பெருமக்கள் இதைப் பரிசீலிக்க வேண்டுமெனப் பணிவுடன் வேண்டுகிறேன்.

நண்பர்களே, இந்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது ஒரு காரியம் செய்யுங்கள். பரணைப் பாருங்கள். உங்கள் அண்ணனுடையதோ அக்காளுடையதோ ஒன்று அங்கே தூசி படிந்து கிடக்கும். இறக்குங்கள், திறந்து பாருங்கள். எல்லாம் பிழைக்காது. ஆனால் பிழைக்கும் ஒவ்வொன்றும் யாரோ ஒரு தாயின் காதில் ஒரு தோட்டை நிறுத்திவைக்கும்.

நான் இந்தக் கட்டுரையை எழுதியதும் அந்தக் கணினியில்தான். 'ழ' ஒழுங்காக விழுகிறது.